பழைய, புதிய அறிவியல் புனைகதை ஆக்‌ஷன் பொம்மைகளும் அவற்றின் அட்டைகளும்: சேகரிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொம்மை கிடைப்பது பெரிய காரியமில்லை. 1978 முதல் கென்னர் நிறுவனம் விற்ற 3¾ அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் கோடிக்கணக்கில் வெளிவந்தவை. கை கால் உடையாத ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பரோ டார்த் வேடரோ இன்றும் சுலபமாகச் சிக்கும். சிக்காமல் போவது அதன் கையில் இருந்த துப்பாக்கியும் அது ஒட்டியிருந்த அட்டையும்தான். துப்பாக்கி விளையாடிய இடத்திலேயே தொலைந்தது. அட்டை வாங்கிய அன்றே குப்பைக்குப் போனது. அதனால் விலையில் பெரும்பங்கு இந்த இரண்டில்தான் இருக்கிறது. போலி செய்பவர்களின் கவனமும் இவற்றின் மீதுதான். சேகரிக்கக் கற்றுக்கொள்வது என்றால், முக்கால்வாசி, சின்ன பாகங்களையும் காகிதத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்வதே.

படி 1: எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது என்று தொடங்கினால் அலமாரி நிறையும், தொகுப்பு உருவாகாது. தொடர், அளவு, காலம், நிலை ஆகிய நான்கில் இரண்டையாவது முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பழைய பக்கத்தில், மெகோ நிறுவனத்தின் 8 அங்குலப் பொம்மைகள் துணி உடை அணிந்தவை; ஸ்டார் ட்ரெக், பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் வரிசைகள் 1974ல் வந்தன. அதே மெகோ 1976ல் ஜப்பானின் டகாரா தயாரித்த மைக்ரோமேனை மைக்ரோநாட்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. கென்னரின் ஸ்டார் வார்ஸ் வரிசை 1978ல் தொடங்கி 1985ல் முடிந்தது. மேட்டலின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 1978. கென்னரின் 18 அங்குல ஏலியன் 1979; இதை வாங்கும்போது தலையின் ஒளிபுகும் மூடி, உள்வாய்ப் பற்கள், முதுகுக் குழாய்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இவைதான் இருக்காது.

1990களில் பிளேமேட்ஸின் ஸ்டார் ட்ரெக் வரிசை (1992 முதல்), 1995ல் கென்னர் மீண்டும் தொடங்கிய பவர் ஆஃப் தி ஃபோர்ஸ். நம் காலத்தில் ஹாஸ்ப்ரோவின் 6 அங்குல பிளாக் சீரிஸ் (2013 முதல்), 3¾ அங்குல விண்டேஜ் கலெக்‌ஷன் (2010 முதல்), நெகாவின் 7 அங்குல ஏலியன், பிரிடேட்டர், டெர்மினேட்டர் பொம்மைகள், ஆறில் ஒரு பங்கு அளவில் ஹாட் டாய்ஸ்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நல்ல இலக்கு: 1978ன் முதல் பன்னிரண்டு கென்னர் பொம்மைகள், அட்டையில்லாமல், ஆனால் எல்லாத் துணைப்பொருளோடும். லூக், லேயா, ஹான் சோலோ, ஓபி-வான், சூபாக்கா, சி-3பிஓ, ஆர்2-டி2, வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர், ஜாவா, சாண்ட் பீப்பிள், டெத் ஸ்க்வாட் கமாண்டர். முடிவுள்ள பட்டியல். கடினமான சில பாகங்கள் இதிலேயே வந்துவிடுகின்றன என்பதால் கண்ணும் பழகும்.

படி 2: நிலையைச் சொல்லும் பேச்சு

விற்பவர்கள் எழுதும் சுருக்கங்கள் தெரியாமல் பட்டியலைப் படிக்க முடியாது. எம்ஓசி என்றால் அட்டையில் பிரிக்காமல் இருப்பது. எம்ஐபி என்றால் பெட்டி உண்டு, ஆனால் பெட்டி திறக்கப்பட்டிருக்கலாம். எம்ஐஎஸ்பி என்றால் ஒட்டு உடையாத பெட்டி. லூஸ் என்றால் பொம்மை மட்டும். "லூஸ் கம்ப்ளீட்" என்பதில்தான் ஏமாற்றம் அதிகம்: பாகங்கள் எல்லாம் இருக்கின்றன என்று அது சொல்கிறதே தவிர, எல்லாம் அசல், எதுவும் மறுபதிப்பு (பின்னாளில் வார்த்த நகல்) இல்லை என்று சொல்லவில்லை. "பாகங்கள் எல்லாம் அசலா, மறுபதிப்பு ஏதாவது உண்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் ஒரே வரியில் பதில் தருவார். சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நிலையை சி1 (மிக மோசம்) முதல் சி10 (புத்தம் புதிது போல்) வரை எண்ணிலும் சொல்வார்கள். ஒருவருடைய சி8 இன்னொருவருக்கு சி6 ஆக இருக்கும். எண்ணை விட்டுவிட்டு படத்தைப் பாருங்கள்.

படி 3: அட்டையைப் படிப்பது

கென்னர் அட்டையின் பின்பக்கத்தில் அப்போது கிடைத்த பொம்மைகளின் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் படங்களின் எண்ணிக்கைதான் அட்டையின் பெயர். 1978ன் முதல் அட்டைகள் 12-பேக் (இங்கே பேக் என்பது back, பின்பக்கம்). 1979ல் இன்னும் எட்டுப் பொம்மைகளும் போபா ஃபெட்டும் சேர 20-பேக், 21-பேக். பிறகு 31, 41, 48, 65, 77 என்று வளர்ந்து, 1985ன் அட்டைகள் 92-பேக்கில் முடிகின்றன. முன்பக்கத்தின் லோகோவும் திரைப்படத்துக்குத் திரைப்படம் மாறியது. 1985 வரிசையில் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நாணயம் உண்டு, மொத்தம் 62 வகை நாணயங்கள்.

ஒரே பொம்மை, ஐந்தாறு அட்டைகளில் விற்கப்பட்டிருக்கும். பொம்மைக்குள் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் 12-பேக் அட்டைக்கும் 77-பேக் அட்டைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது. பின்பக்கப் படங்களை எண்ணுங்கள், பிறகு பேசுங்கள்.

அட்டையில் பார்க்க வேண்டியவை:

- தொங்கவிடும் துளை. துளையை மூடியிருக்கும் சிறு வட்டம் அப்படியே இருந்தால் "அன்பஞ்ச்டு". கடைக் கம்பியில் தொங்காதது என்று பொருள். அதற்குத் தனி விலை.
- வாங்கியதற்கான அத்தாட்சிச் சதுரம். 1979ல் நான்கு சதுரங்களை வெட்டி அனுப்பினால் போபா ஃபெட் தபாலில் வந்தது. அதனால் பல அட்டைகளில் அந்த இடம் கத்தரிக்கப்பட்டிருக்கும். வெட்டியிருந்தால் அட்டையின் மதிப்பு பாதிக்கும் கீழே போகலாம். ஆனால் வெட்டிய அட்டை மலிவாகக் கிடைக்கும் அசல் என்பதும் உண்மை.
- விலை ஸ்டிக்கர். பிய்க்காதீர்கள். பிய்த்தால் அச்சும் கூடவே வரும். தவிர, அது எந்தக் காலத்தில் கடையில் இருந்தது என்பதற்கு அந்த ஸ்டிக்கரே சாட்சி.
- மடிப்பு, வளைவு, விளிம்பு வெளுத்தல். மடிப்பில் மை உடைந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அது நிரந்தரம். மெல்லிய வளைவு ஈரப்பதத்தால் வருவது, நிதானமாகச் சரியாகலாம்.

அமெரிக்காவுக்கு வெளியே வேறு பெயர்கள் அட்டையில் இருக்கும்: பிரிட்டனில் பாலிடாய், பிரான்சில் மெக்கானோ, மெக்சிகோவில் லிலி லெடி, பிரேசிலில் கிளாஸ்லைட். 1983க்குப் பின் ஐரோப்பாவில் மூன்று மொழி லோகோக்களோடு வந்தவற்றை ட்ரை-லோகோ என்கிறார்கள். யாக் ஃபேஸ் என்ற பொம்மை அமெரிக்கக் கடைகளுக்கு வரவே இல்லை. வெளிநாட்டு அட்டைகளில்தான் தேட வேண்டும்.

வரலாறு தெரிந்தால் சில போலிகளை ஒரே பார்வையில் தள்ளலாம். நீல நிற ஸ்னேகிள்டூத் என்ற ஸ்டார் வார்ஸ் பொம்மை, 1978ல் சியர்ஸ் கடைகளுக்காகவே வந்த கான்டீனா தொகுப்பில் மட்டும் இருந்தது. அட்டையில் விற்கப்படவே இல்லை. ஆக, அட்டையில் ஒட்டிய நீல ஸ்னேகிள்டூத்தை யாராவது காட்டினால் மேலே கேட்கத் தேவையில்லை. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட்டும் அப்படியே. மேட்டலின் கலாக்டிகா விமானத்திலிருந்து வந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு கென்னர் அந்த விசையைக் கைவிட்டது. தபாலில் போனவை எல்லாம் ராக்கெட் அசையாதவை. பாயும் ராக்கெட், விற்பனைக்கு வராத முன்மாதிரிகளில் மட்டும் இருந்தது. "சின்ன வயதில் என்னிடம் இருந்தது" என்ற கதையோடு வருவது எதுவும் அதுவல்ல.

படி 4: லூஸ் பொம்மையைச் சோதிப்பது

காலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பழைய கென்னர் பொம்மைகளில் பதிப்புரிமை ஆண்டு, ஜிஎம்எஃப்ஜிஐ அல்லது எல்எஃப்எல் என்ற எழுத்துகள், பலவற்றில் ஹாங்காங், தைவான் போன்ற நாட்டுப் பெயர் எல்லாம் புடைப்பாகவோ பள்ளமாகவோ இருக்கும். ஜிஎம்எஃப்ஜிஐ என்பது கென்னரை அப்போது வைத்திருந்த ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்; எல்எஃப்எல் என்பது லூகாஸ்ஃபிலிம். அங்குள்ள ஆண்டு சிற்பத்தின் பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. பொம்மை வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. 1977 என்று இருப்பது 1983ல் விற்றதாகவும் இருக்கலாம். சிலவற்றில் நாட்டுப் பெயரே இருக்காது, அதனால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து மூட்டுகள். இந்தப் பொம்மைகளுக்கு அசைவது ஐந்து இடம்தான்: தலை, இரு தோள், இரு இடுப்பு. நிற்க வைத்துப் பாருங்கள். கைகளை உயர்த்தி விட்டால் தானாக விழக் கூடாது. உடல் இரு பாதிகளாக மூடி ஒட்டப்பட்டது. மூட்டை இறுக்குகிறேன் என்று பிளந்தால் விளிம்பு சிதையும், திரும்ப மறைக்க முடியாது. தளர்ந்ததை அப்படியே ஏற்று, பாதத் துளையில் பொருந்தும் சிறு ஸ்டாண்டில் நிறுத்துவதே மேல்.

வெள்ளைப் பொம்மைகளில் மஞ்சளை நிழலில் அல்ல, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டார்ம்ட்ரூப்பரின் உடல், கைகள், கால்கள் ஒரே பிளாஸ்டிக் அல்ல. ஒரு பகுதி வெள்ளையாகவும் மற்றது தந்த நிறமாகவும் இருப்பது வழக்கம். எல்லாம் ஒரே பளீர் வெள்ளை என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்திருக்கலாம். வெளுத்தது மீண்டும் மஞ்சளாகும், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் கெடும். விற்கும்போது சொல்லாமல் விற்பது மோசடி.

இனி ஆயுதங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். தண்ணீர்ச் சோதனையைப் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். சரியான முறை இது:

1. சிறு கிண்ணத்தில் அறை வெப்பத் தண்ணீர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசையே சின்ன துப்பாக்கியைத் தாங்கிவிடும்.
2. துப்பாக்கியை விரலால் அடிவரை அழுத்தி, ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் தடவி விடுங்கள்.
3. விரலை எடுங்கள். பெரும்பாலான அசல்கள் மேலே எழும்பி வரும். மறுபதிப்புகளில் பல அடியிலேயே கிடக்கும்.

முடிவு இதோடு வராது. மூழ்கும் அசல்கள் உண்டு, மிதக்கும் பிளாஸ்டிக்கில் வார்த்த மறுபதிப்புகளும் உண்டு. அடுத்து உருப்பெருக்கியில் விசைக்காவலின் உள்விளிம்பைப் பாருங்கள். அசலில் அந்தச் சின்ன வளையம் கூர்மையாக வெட்டியதுபோல் திறந்திருக்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்ததில் விளிம்பு மழுங்கி, வளையத்தில் மெல்லிய படலம் தொங்கும். நீளமும் ஓர் இம்மி குறையும், ஏனென்றால் வார்த்த பொருள் ஆறும்போது சுருங்குகிறது. உறுதியான ஓர் அசலைப் பக்கத்தில் வைத்து, அதே டார்ச்சை இரண்டின் பின்னாலும் பிடித்து ஒளி ஊடுருவுவதை ஒப்பிடுங்கள். ஒப்பிட அசல் கையில் இல்லாமல் எந்தச் சோதனையும் முழுமையில்லை. அதனாலேயே மலிவான, அடிபட்ட, ஆனால் சந்தேகமில்லாத ஆயுதங்கள் சிலவற்றை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

முதல் வரிசையின் இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாவா முதலில் வினைல் அங்கியோடு வந்தது, சீக்கிரமே துணி அங்கிக்கு மாறியது. வினைல் ஜாவா அரிது என்பதால் ஓபி-வானின் வினைல் அங்கியை வெட்டிச் சிறிதாக்கி ஜாவாவுக்குப் போட்டு விற்கிறார்கள். கீழ் விளிம்பின் வெட்டு, கைத்துளையின் அளவு, வினைலின் மேற்பரப்பு ஆகிய மூன்றையும் உறுதியான அசலோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது, இரட்டை நீள்வாள்: ஆரம்பகால லூக், வேடர், ஓபி-வான் சிலவற்றில் கைக்குள்ளிருந்து வாள் நீண்டு, அதன் நுனியிலிருந்து இன்னொரு மெல்லிய இழை நீளும். அந்த இழையை மாற்றி வைப்பது எளிது. இத்தகையவற்றைத் தனியாரிடம் சான்றில்லாமல் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மெகோ பொம்மைகளில் பெல்ட், ஃபேசர், கம்யூனிகேட்டர், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் மறுபதிப்பு தாராளமாகக் கிடைக்கிறது. மைக்ரோநாட்ஸின் ஒளிபுகும் பிளாஸ்டிக், உலோகப் பின் ஊடுருவும் இடத்தில் முடிபோல் விரிசல் விடும். முழங்கை, முழங்காலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மடக்கிப் பார்க்காதீர்கள். தங்க நிறத் துகள் சுழன்று கலந்த பிளாஸ்டிக், 1980களின் பிற்பகுதி மற்றும் 1990களின் ரோபோ பொம்மைகளில் வருவது, தொட்டாலே உதிரும். அதற்கு மருந்தில்லை.

படி 5: போலி அட்டையும் மீண்டும் ஒட்டிய பிளிஸ்டரும்

10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று வாங்குங்கள். இந்தத் துறையில் இதைவிட லாபமான கருவி இல்லை. ஆஃப்செட் அச்சில் நிறங்கள் சீரான புள்ளிகளாக, சின்னப் பூ வடிவில் அடுக்கியிருக்கும்; கறுப்பு எழுத்துகள் புள்ளியில்லாமல் திடமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். இன்க்ஜெட்டில் புள்ளிகள் தெளித்ததுபோல் சிதறியிருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே வண்ணப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். சட்ட வரிகள் போன்ற மிகச் சிறிய எழுத்துகளில்தான் இது உடனே பிடிபடும். பெரிய படத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு அட்டையின் விளிம்பு. அசலில் ஒரே அட்டையின் இரு பக்கமும் அச்சு. போலியில் இரண்டு தாள்களை நடுவில் ஓர் அட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள்; பக்கவாட்டில் மூன்று அடுக்கும் தெரியும். புற ஊதா டார்ச் அடித்தால் இக்காலத் தாளின் வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். புதிய பசையும், விளிம்பை மறைக்கத் தீட்டிய பேனா மையும் தனியாகத் தெரியும். இதையும் அசலோடு வைத்தே பார்க்க வேண்டும்.

அட்டை அசல், பொம்மை அசல், ஆனால் பிளிஸ்டரை (பொம்மையை மூடி அட்டையில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடு) பிரித்து மீண்டும் ஒட்டியது: இதுதான் கண்டுபிடிக்கக் கடினம். டார்ச்சை அட்டைக்குச் சமதளமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அசல் பிளிஸ்டரின் தட்டையான ஓரம் சூட்டால் அழுத்தி ஒட்டப்பட்டது. முழுவதும் ஒரே மாதிரி படிந்திருக்கும். மீண்டும் ஒட்டியதில் பசை பரவிய குமிழ்கள், ஓரத்துக்கு அடியில் கிழிந்த காகித நார், அச்சு காணாமல் போன சிறு வெள்ளைத் திட்டுகள் இருக்கும். இன்னொன்று: ஒளியில் பல ஆண்டுகள் இருந்த அட்டையில் பிளிஸ்டருக்கு அடியிலிருந்த பகுதி மட்டும் நிறம் குறையாமல் நிற்கும். அந்த நிழல் வடிவமும் இப்போதிருக்கும் பிளிஸ்டரின் வடிவமும் பொருந்தவில்லை என்றால் பிளிஸ்டர் வேறு இடத்திலிருந்து வந்தது. மங்கிய அட்டையில் கண்ணாடிபோல் மின்னும் பிளிஸ்டர் எப்போதும் சந்தேகத்துக்குரியது.

படி 6: வாங்குவது

படமாகக் கேட்க வேண்டியவை: முன், பின், நான்கு மூலைகள், பிளிஸ்டரின் மூன்று ஓரங்கள் சாய்ந்த ஒளியில், தொங்கும் துளை, ஆயுதத்தின் நெருக்கப் படம், காலின் எழுத்துகள். விலைக்கு, விற்று முடிந்த பொருள்களின் விலையை மட்டும் பாருங்கள். கேட்கிற விலை வேறு, போன விலை வேறு. ஒன்றுக்கு மூன்று விற்பனைகளாவது ஒரே நிலையில் பார்த்த பிறகு தொகை சொல்லுங்கள்.

1995 முதல் வந்த பவர் ஆஃப் தி ஃபோர்ஸ் பொம்மைகளை முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். பலரும் அப்படி நினைத்துப் பிரிக்காமல் வைத்தார்கள். அதனாலேயே அவை இன்றும் நிறைய இருக்கின்றன. பிளிஸ்டர்களும் மஞ்சளாகின்றன. விதிவிலக்கு, நீள வாள்–குட்டை வாள் மாற்றங்கள்: குட்டை வாள், நீள வாளுக்கான பள்ளத்தில் இருக்கும் அட்டைகளுக்குத் தேவை உண்டு. பின்பக்கத்தின் கீழ் எண்ணில் .00, .01 என்று வரும் திருத்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளேமேட்ஸ் ஸ்டார் ட்ரெக் பொம்மைகளின் பாதத்தில் வரிசை எண் உண்டு. 1990களின் நடுவில் பொம்மைக்கு 1701 மட்டும் என்று வெளியிட்ட சிலவற்றுக்குத்தான் பெரிய விலை. பாதத்து எண் 1701ஐத் தாண்டினால் அது அந்த வெளியீடு அல்ல.

படி 7: சுத்தம்

அட்டையோடு இருப்பதை வெளியே மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். லூஸ் பொம்மைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரத் திரவம், மென்மையான பல்துலக்கி, பின் காற்றில் உலர்த்தல். ஆர்2-டி2வின் உடல் ஸ்டிக்கரில் தண்ணீர் படக் கூடாது. சி-3பிஓவின் உலோகப் பூச்சைத் தேய்க்கவே கூடாது, ஒற்றி எடுங்கள். அசிட்டோன், ஸ்பிரிட், மாய ஸ்பாஞ்ச் மூன்றும் வேண்டாம். மாய ஸ்பாஞ்ச் (கறை அழிக்க விற்கும் மெலமைன் நுரை) என்பது மிக நுண்ணிய உப்புத்தாள்தான். பெயின்ட்டையும் பளபளப்பையும் சேர்த்தே எடுத்துவிடும்.

வளைந்த ஆயுதத்தை நிமிர்த்த: சுமார் 70 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 20 விநாடி, சமதளத்தில் மெதுவாக நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீர். நுனி மெலிந்த பழைய வாள்களுக்கு இதைச் செய்யாதீர்கள். புதிய பொம்மையில் ஒட்டிக்கொண்ட மூட்டுக்கும் சூடுதான் வழி: ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டி, பிறகு சிறிது சிறிதாக அசையுங்கள். குளிர்ந்த மூட்டை முறுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தண்டு முறிந்துவிடும்.

மென்மையான பிவிசி பொம்மைகள் பிசுபிசுப்பாவது அழுக்கினால் அல்ல. உள்ளிருக்கும் பிளாஸ்டிசைசர் மேலே கசிகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். இறுக மூடிய பெட்டியில் மீண்டும் போட்டால் மீண்டும் கசியும்.

படி 8: வைப்பது

எதிரிகள் நான்கு: ஒளி, வெப்பம், ஈரம், தவறான பிளாஸ்டிக். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், வெப்பம் 22 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் போதும். ஏற்ற இறக்கம்தான் அட்டையை வளைக்கிறது, ஏனென்றால் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் பிளிஸ்டர் விரிவதில்லை, காகிதம் விரிகிறது. சிலிக்கா ஜெல்லை அளவாகப் போடுங்கள். 35 சதவீதத்துக்குக் கீழே போனால் அட்டை உலர்ந்து சுருளும். மலிவான ஹைக்ரோமீட்டர் ஒன்று அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.

உறைகளுக்கு பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், பிஇடி சரி. பிவிசி உறை வேண்டாம். பழைய பஞ்சு நுரை காலப்போக்கில் பசையாகி ஒட்டும். பாலிஎத்திலீன் நுரையே மேல். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் கீழிருக்கும் பிளிஸ்டர் நசுங்கும். தனித்தனி அக்ரிலிக் உறையில் நிமிர்த்தி வையுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், ஒட்டுநாடா மூன்றும் அட்டைக்குப் பக்கத்தில் வரவே கூடாது. மஞ்சளான பிளிஸ்டரை வெயிலில் வைத்துத் தெளியவைக்கலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. பிளிஸ்டர் தெளியுமோ இல்லையோ, அட்டையின் நிறம் நிச்சயம் போகும்.

பேட்டரியுள்ள வாகனங்களிலிருந்து பேட்டரியை இன்றே எடுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சி, பிறகு முழு உலர்த்தல்.

படி 9: புதியவற்றைப் பிரிப்பதா, வைப்பதா

விளையாட, படமெடுக்க வாங்கியதைப் பிரியுங்கள், தயக்கமே வேண்டாம். ஆனால் பெட்டியைக் கிழிக்காதீர்கள். அடிப்பக்க ஒட்டுநாடாவை மெல்லிய பிளேடால் வெட்டி, உள்தட்டை இழுத்து, எந்தப் பள்ளத்தில் எந்தப் பாகம் என்று ஒரு படம் எடுத்துவிட்டு வெளியே எடுங்கள். அட்டைப் பொம்மையில் பிளிஸ்டரின் கீழ் ஓரத்தையும் இரு பக்கங்களையும் மட்டும் வெட்டினால் மேல்பகுதி கதவுபோல் நிற்கும். திரும்பப் போட்டு வைக்கலாம்.

2022 வாக்கில் ஹாஸ்ப்ரோ பிளாஸ்டிக் குறைப்புக்காக ஜன்னலில்லாத பெட்டிகளுக்கு மாறியது. 2023ல் ஜன்னல் திரும்ப வரும் என்று அறிவித்தது. இடைப்பட்ட காலத்துப் பெட்டிகளில் உள்ளே இருப்பதைத் திறக்காமல் பார்க்க முடியாது. பழைய பொம்மையை உள்ளே வைத்துக் கடைக்கே திருப்பித் தரும் வேலைகளும் நடக்கும் என்பதால், இவற்றை ஒட்டு உடையாத நிலையில் மட்டும் வாங்குங்கள்.

படி 10: தரமிடல்

ஏஎஃப்ஏ (ஆக்‌ஷன் ஃபிகர் அதாரிட்டி) போன்ற நிறுவனங்கள் நூற்றுக்கு இத்தனை என்று தரமிட்டு அக்ரிலிக்கில் முத்திரையிட்டுத் தருகின்றன. அட்டைப் பொம்மைக்கு அட்டை, பிளிஸ்டர், பொம்மை மூன்றுக்கும் தனி எண் கிடைக்கும். மொத்த எண்ணை விட இந்த மூன்றையும் படியுங்கள். பொம்மை 90, பிளிஸ்டர் 75 என்றால் மஞ்சளோ விரிசலோ இருக்கிறது என்று ஊகிக்கலாம். கட்டணமும் அனுப்பும் செலவும் பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தரமிட வேண்டாம். முத்திரைக்குள் போனபின்னும் பிளிஸ்டர் மஞ்சளாகும், எண் மட்டும் மாறாது.

படி 11: பதிவும் அனுப்புதலும்

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், அட்டை எண், காலில் உள்ள எழுத்துகள், ஆயுதம் அசலா என்பதற்கான ஆதாரம், வாங்கிய நாள், விலை, படங்களின் கோப்புப் பெயர். மறுபதிப்பு என்று தெரிந்த பாகத்தை அப்படியே எழுதி வையுங்கள். பின்னாளில் தொகுப்பு கைமாறும்போது அந்த ஒரு குறிப்பு ஒரு தகராறைத் தவிர்க்கும்.

அனுப்பும்போது அட்டையை அக்ரிலிக் உறையில் போட்டு, உறைக்கு மேல் மெல்லிய தாள், அதன் மேல் குமிழ் உறை சுற்றுங்கள். குமிழ் நேரடியாக பிளிஸ்டரில் பட்டால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வட்டத் தடங்கள் பதியும். இதைச் சிறு பெட்டியில் வைத்து, ஆறு பக்கமும் 5 செ.மீ. நிரப்பியோடு பெரிய பெட்டிக்குள் வையுங்கள். மூடியபின் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மீண்டும் கட்டுங்கள். லூஸ் பொம்மையின் ஆயுதத்தைக் கையில் வைத்து அனுப்பாமல், தனி ஸிப் உறையில் போட்டு, அந்த உறையைப் பெட்டியின் உட்சுவரில் ஒட்டுங்கள். பெறுபவர் குப்பையோடு எறிந்துவிடாமலிருக்க பெட்டியைத் திறந்தவுடன் தெரியும் இடத்தில் "துப்பாக்கி உள்ளே ஒட்டியிருக்கிறது" என்று ஒரு சீட்டும்.